எட்டு இஞ்சுத் தண்ணீர்

எதை அளப்பதானாலும் இஞ்சு அண்ணன் முதலில் குந்திக்கொள்வார். கால்சட்டையின் முழங்கால் பகுதியை இரண்டு விரலால் சற்று மேலே இழுத்துவிட்டு, பாதங்களை அகட்டி, உட்கார்ந்தும் உட்காராமலுமான ஒரு நிலைக்கு வந்தபின் இடது கண்ணை மூடுவார். வலது கைச் சுண்டுவிரலால் குழாயை இரண்டு தட்டு. உள்ளே ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழி எழும்பி வர நேரம் கொடுப்பார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொள்வார். நீர்மட்டமும் கண்மட்டமும் ஒன்றாகிற அந்த நொடியில் பக்கத்தில் யாராவது தும்மிவிட்டால் போச்சு. எழுந்து, ஒரு சுற்று நடந்து, திரும்பி வந்து முதலிலிருந்து குந்துவார்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி இரண்டு டம்ளரில் தேநீர் கொண்டுவந்து வைத்தால், மேசை விளிம்பில் தாடையை வைத்து எதில் அதிகம் என்று பார்ப்பார்.

"ஏங்க, குடிக்கப் போறீங்களா, ரிப்போர்ட் எழுதப் போறீங்களா?"

அதிகம் இருக்கிற டம்ளரை அவள் பக்கம் தள்ளிவிடுவார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவருடைய தொழில் பர்னர். அடுப்பு என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். பெரிய ஆலைகளில் உலைக்கும் உலர்த்தும் அறைக்கும் வைத்திருக்கும், ஆள் உயர எரிவாயு பர்னர்கள். அவை எவ்வளவு வெப்பம் தருகின்றன என்று மதிப்பிட்டுச் சொல்வதும், சரியாக எரியவைப்பதும் அவர் வேலை. அதற்கு அவரிடம் இருந்த ஆயுதம் ஒரு பலகையில் வளைத்துப் பொருத்திய கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாய். அதில் பாதிவரை சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். குழாயின் ஒரு முனையை பர்னருக்குள் போகும் வாயு வழியில் மாட்டுவார். மறு முனை சும்மா காற்றில் திறந்து கிடக்கும். வாயு தள்ளும், ஒரு பக்கம் தண்ணீர் இறங்கும், மறுபக்கம் ஏறும். இரண்டுக்கும் நடுவே எத்தனை இஞ்சு வித்தியாசமோ அதுதான் அழுத்தம். பர்னர் செய்தவர்கள் கொடுத்த அட்டவணையில் அந்த இஞ்சுக்கு நேராகப் பார்த்தால் வெப்பம் எவ்வளவு என்று கிடைத்துவிடும். முதல் அழைப்பிலேயே "எத்தனை இஞ்சு?" என்று கேட்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு நெளிவு உண்டு, அது அவருக்கு உயிர். அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் வெப்பம் இரண்டு மடங்காகாது. ஒன்றரைக்கும் சற்றுக் குறைவாகத்தான் வரும். வெப்பம் இரண்டு மடங்காக வேண்டுமானால் அழுத்தம் நான்கு மடங்காக வேண்டும். இதைப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம், முடிவெட்டுகிற இடத்தில், பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லும்வரை அவரிடமும் சொல்லியிருக்கிறார். மனைவியின் தம்பியைப் பற்றி மனைவியிடம் சொல்லும்போதும் இதே கணக்குதான்.

"உன் தம்பிக்குச் சத்தம் நாலு மடங்கு. வேலை ரெண்டு மடங்கு."

"ரெண்டு மடங்காவது வருதே. நீங்க அளந்துக்கிட்டே இருக்கீங்க."

மச்சினன் மாடியில் குடியிருந்தான். அவன் தொழில் ஃபேன். கொட்டகை அளவு காற்றைத் தள்ளுகிற ஆலை ஃபேன்கள், அவற்றின் மோட்டார், பெல்ட், புல்லி எல்லாம். இருவரும் ஒரே சலவை ஆலைக்குப் போய்வந்தார்கள். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வண்டி வண்டியாகத் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்புகிற ஆலை. உலர்த்தும் அறையில் பர்னர் இஞ்சு அண்ணனுடையது; அதற்குப் பின்னாலிருந்து காற்றைத் தள்ளும் ஃபேன் மச்சினனுடையது. அவரை அங்கே சேர்த்துவிட்டதே மச்சினன்தான். அதை அவன் சொல்லிக்காட்டியதே இல்லை. ஆனால் சொல்லிக்காட்டாமல் இருப்பதை ஒவ்வொரு நாளும் அவருக்கு உணர்த்திக்கொண்டிருந்தான். ஸ்கூட்டர் அவனுடையது, பெட்ரோல் அவருடையது. காலையில் இருவரும் ஒன்றாகத்தான் போவார்கள்.

அந்த வருடம் மழை பிடித்துக்கொண்டது. வெளிக்காற்றே நனைந்து கிடக்க, விரிப்புகள் லேசான ஈரத்தோடு வெளியே வரத் தொடங்கின. மடிப்பு மேசையில் ஒரு அம்மா இருந்தார். ஒவ்வொரு விரிப்பையும் எடுத்துக் கன்னத்தில் ஒருமுறை ஒற்றிப் பார்த்துத்தான் மடிப்பார். ஒற்றியதும் உதட்டைப் பிதுக்கினால் ஈரம் என்று பொருள். அவர் உதடு பிதுங்கத் தொடங்கியது. மேனேஜர், இஞ்சு அண்ணனை அழைத்தார். அவர் குந்தினார், தட்டினார், மூச்சைப் பிடித்தார்.

"எட்டு இஞ்சு சார். பர்னர் நூத்துக்கு நூறு. மழையைத்தான் நீங்க கூப்பிட்டுக் கேக்கணும்."

வீட்டுக்கு வந்தும் இதையே புலம்பினார். மழை பெய்தால் எனக்கு என்ன, துணி காயாவிட்டால் என் பேரா கெடணும், என்றெல்லாம். மனைவி பாத்திரம் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஈரம் குறையும் என்று பார்த்தால் கூடிவிட்டது. மடிப்பு அம்மா கன்னத்தில் ஒற்றுவதையே நிறுத்திவிட்டார். "தொட்டாலே சளி பிடிக்கும்போல இருக்கு" என்றார். மருத்துவமனையிலிருந்து தலைமை நர்ஸ் தொலைபேசியில் பேசியதை, மேனேஜர் கருவியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக் கேட்டார். அந்த ஒரு முழத்திலேயே அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்டது. இஞ்சு அண்ணன் திரும்ப அளந்தார். எட்டு. மறுநாளும் எட்டு. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"என் பக்கம் சுத்தம் சார். காத்து சரியில்ல. ஃபேனைப் பாருங்க."

ஃபேனைப் பார்க்கச் சொன்ன செய்தி ஃபேன் பக்கத்திலேயே நின்றிருந்த மச்சினன் காதில் விழுந்தது.

"என் ஃபேன் முன்னைவிட நல்லாத்தான் ஊதுது. சூடே இல்லாத காத்தை எவ்வளவு ஊதினாலும் துணி காயுமா சார்? அத்தானோட பர்னர் மெழுகுவத்தி மாதிரி எரியுது."

மெழுகுவத்தி. இஞ்சு அண்ணனின் வாழ்நாளில் அவர் பர்னரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. முகத்தில் ஈயாடவில்லை.

மேனேஜர் கோபக்காரர் இல்லை. அதுதான் பயம். "இங்க பாருங்க" என்றார், இருவரையும் மாறி மாறிப் பார்த்து. "இந்த மாசத்தோட மருத்துவமனைக்காரங்க வேற இடம் பாத்துடுவாங்க. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலை சரியில்ல. யாருதுன்னு தெரிஞ்சதும் அந்த ஒப்பந்தத்தை வெளி ஆளுக்குக் கொடுத்துடப் போறேன். சொந்தக்காரங்கன்னு பாக்க முடியாது."

அன்று முதல் பேச்சு நின்றது. ஆனால் ஸ்கூட்டர் ஒன்றுதானே. காலையில் மச்சினன் கீழே வந்து வண்டியைக் கிளப்பி, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இஞ்சு அண்ணன் வந்து, வண்டியில் யாரும் இல்லாததுபோல் பின்னால் ஏறிக்கொள்வார். அவர் பலகை இருவருக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும். மேட்டில் ஏறும்போது அதிலிருந்த சிவப்புத் தண்ணீர் மச்சினன் முதுகுப் பக்கம் சாயும். பள்ளத்தில் இவர் வயிற்றுப் பக்கம் வரும். பெட்ரோல் போட வேண்டிய நாளில் மச்சினன் பொதுவாகச் சொல்வான், தெருவிடம் சொல்வதுபோல: "வண்டிக்குத் தாகம்." இவர் பின்னாலிருந்து பணத்தை அவன் தோள்மேல் வைப்பார்.

ஆலையில் பேச வேண்டியது வந்தால் மடிப்பு அம்மாதான் தூது.

"அம்மா, அவனைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. அளக்கணும்."

"அம்மா, எத்தனை தடவை அளந்தாலும் எட்டுதான் வரும்னு சொல்லுங்க. அவருக்கு வேற நம்பர் தெரியாது."

"நான் எதையும் சொல்லல" என்பார் அந்த அம்மா, மடித்துக்கொண்டே. "ரெண்டு பேருக்கும் காது இருக்கு."

வீட்டில் மாடியில் மச்சினன் நாற்காலியை இழுத்தால் கீழே இவர் கூரையைப் பார்த்து, "மெழுகுவத்தியாம்" என்பார். ஒருநாள் மனைவி கரண்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "யாராவது ஒருத்தர் வேலை போனா, மத்தவர் மட்டும் தினம் வண்டியில ஜாலியாப் போயிட்டு வந்துடுவீங்களா? மாடியில ஒரு குடும்பம், கீழ ஒரு குடும்பம். அதை நினைச்சுப் பாத்தீங்களா ரெண்டு பேரும்?"

"நான் தப்புப் பண்ணலையே."

"தப்புப் பண்ணாதவர்தான் வீட்டுக் கூரையோட பேசிக்கிட்டு இருக்கார்."

முடிவு கட்டும் யோசனையைச் சொன்னவன் மச்சினன். நேராக மேனேஜரிடம் போனான். பர்னர் எவ்வளவு வாயுவைத் தின்கிறது என்று ஆலை மீட்டரிலேயே பார்த்துவிட்டால் போகிறது. வாயுக் கணக்குத் தெரிந்தால் வெப்பக் கணக்குத் தெரிந்துவிடும். அதுவரை யாரும் ஏன் பார்க்கவில்லை என்றால், ஆலைக்கே மீட்டர் ஒன்றுதான். துவைக்க வெந்நீர் தரும் பாய்லரும் அதே குழாயிலிருந்துதான் குடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால் சலவை நின்றுவிடும். அதனால்தான் இத்தனை நாளும் அழுத்தத்தை அளந்து மதிப்பிடுகிற வேலையே. சாப்பாட்டு இடைவேளையில் பாய்லரைச் சற்று நேரம் நிறுத்த மேனேஜர் ஒத்துக்கொண்டார்.

"தாராளமா" என்றார் இஞ்சு அண்ணன், மடிப்பு அம்மாவைப் பார்த்து. "மீட்டரும் எட்டு இஞ்சுக்கு உள்ளதைத்தான் சொல்லும்னு சொல்லுங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்து வந்து மீட்டரைச் சுற்றி நின்றார்கள். பாய்லர் அடங்கியது. உலர்த்தும் அறை பர்னர் மட்டும் எரிந்தது. மேனேஜர் கைபேசியில் நேரம் பார்க்க, மீட்டரின் சின்ன முள் ஒரு சுற்று சுற்றி வருவதை எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். முள் வந்தது. மெதுவாக வந்தது. இஞ்சு அண்ணன் மனக்கணக்குப் போட்டார். உதடு அசைவது நின்றது. மேனேஜர் கைபேசியில் போட்டார். இருவருக்கும் ஒரே விடை. அட்டவணை சொல்வதில் முக்கால் பங்குதான் வாயு போகிறது.

"மீட்டர் பழசு" என்றார் இஞ்சு அண்ணன்.

"போன மாசம்தான் மாத்தினாங்க" என்றார் மேனேஜர்.

மச்சினன் மீசைக்குக் கீழே ஏதோ நடந்துகொண்டிருந்தது.

இஞ்சு அண்ணன் பலகையைத் தூக்கிக்கொண்டு பர்னரிடம் ஓடினார். குந்தினார். எட்டு. குழாயைக் கழற்றி ஊதினார், மாட்டினார். எட்டு. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. தண்ணீரும் பொய் சொல்லவில்லை, மீட்டரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. வெறுங்கையோடு எழுந்துபோக மனம் வராமல், சுடரையாவது பார்ப்போம் என்று எரியறைச் சுவரில் இருந்த திருகு மூடியைக் கழற்றிக் கண்ணை வைத்தார்.

துளைக்குள்ளிருந்து ஒரு சூடான காற்று அவர் முகத்தில் அறைந்தது. பின்வாங்கினார். மீசை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் துணிப் பஞ்சு.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் துடைக்கவே இல்லை. வாழ்நாள் முழுக்க அவர் பார்த்த உலைகளெல்லாம் புகைபோக்கி வழியாக மூச்சை மேலே இழுப்பவை. இப்படி ஒரு மூடியைத் திறந்தால் பக்கத்தில் பிடித்த காகிதம் உள்ளேதான் போகும். அந்தப் பழக்கத்தில்தான் குழாயின் மறுமுனையை எங்கும் மாட்டாமல் காற்றில் விட்டுவந்தார். இந்த அறையோ வெளியே தள்ளுகிறது. பின்னாலிருந்து ஃபேன் ஊதி ஊதி எரியறைக்குள் காற்று நெருக்கிக்கொண்டு நிற்கிறது. எல்லோரும் வெளியே வந்துகொண்டிருக்கும் வாசலில் ஒருவன் மட்டும் உள்ளே நுழையப் பார்ப்பதுபோல, வாயு அந்த நெருக்கத்தை எதிர்த்துத்தான் உள்ளே போக வேண்டும்.

பையிலிருந்து ஒரு நீளக் குழாயை எடுத்தார். இத்தனை நாள் திறந்து கிடந்த முனையை அந்த மூடி இருந்த துளையில் சொருகி, இடைவெளியைத் துணியால் அடைத்தார். குந்தினார். இந்தத் தடவை பக்கத்தில் யாரோ தும்மினார்கள், அவருக்குக் கேட்கவில்லை. எட்டாக இருந்த தண்ணீர் சரசரவென்று இறங்கி நாலரையில் நின்றது. மூன்றரை இஞ்சை ஃபேன் தின்றுவிட்டிருந்தது. எட்டு நாலரையானால் வெப்பம் பாதியாகிவிடாது. அவர் பேருந்திலும் பல் மருத்துவரிடமும் சொன்ன அதே நெளிவுக் கணக்கு. வாய்விட்டே சொன்னார்: "முக்கால்."

பிறகு எழுந்து ஃபேன் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். மோட்டாரில் பழைய புல்லி இல்லை. ஃபேனை இன்னும் வேகமாகச் சுழற்றும் பெரியது ஒன்று, பெயின்ட் வாசம் போகாமல், புது பெல்ட்டோடு சுற்றிக்கொண்டிருந்தது. ஃபேன் முன்னைவிட நல்லாத்தான் ஊதுகிறது என்று மச்சினன் சொன்னது சத்தியம்.

அவனைத் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப்பின் நேராக அவனிடம் பேசினார், அதுவும் தாழ்ந்த குரலில்.

"மாப்பிள்ளை, புல்லி மாத்துனியா?"

மச்சினனின் மீசைக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது நின்றுபோனது. "காத்து அதிகமானா சீக்கிரம் காயும்னு... நானாத்தான் மாத்தினேன் அத்தான். உங்க பர்னரைப் பாதிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சொல்லியிருக்கலாமே."

"ஃபேன் மேல பழி போட்டப்புறம் நீங்க பேசினாத்தானே."

மேனேஜர் நெருங்கி வந்தார். "என்ன, யாரு பக்கம் தப்பு?"

ஒரு வார்த்தை போதும். புல்லியைக் காட்டினால் மெழுகுவத்திக்குப் பழி தீர்ந்துவிடும். பெட்ரோல் காசும் மிச்சம். ஆனால் அதற்குப்பிறகு வேலையில்லாத ஒருவன் நாள் முழுக்கத் தன் தலைக்குமேல் நாற்காலி இழுப்பதை அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதைவிடப் பெரிய உறுத்தல் ஒன்று இருந்தது. புல்லி எந்த வேகத்தில் சுற்றினால்தான் என்ன, மறுமுனையை எங்கே சொருக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியவர் அவர்தான். எட்டு எட்டு என்று ஊரெல்லாம் கேட்கக் கத்தியதும் அவர்தான்.

"ஃபேன் நல்லாருக்கு சார்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு வாய் வலித்தது. "நான் அளந்த விதம் தப்பு. ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டேன். ரெண்டு பக்கமும் பாக்கணும்."

"அப்ப யாரை மாத்தறது?"

"இந்தக் குழாயோட ஒரு முனையைத்தான்."

மேனேஜர் சிரிக்கவில்லை. "முதல்ல துணி காயட்டும்."

இஞ்சு அண்ணன் வாயு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரின் மூடியைத் திறந்து திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். இரண்டு முனையும் மாட்டிய குழாயில் சிவப்புத் தண்ணீர் ஐந்து, ஆறு, ஏழு என்று விரிந்து எட்டில் நின்றது. சுடரின் சத்தமே மாறியது. அதுவரை முனகிக்கொண்டிருந்தது, இப்போது தொண்டையைத் திறந்தது. இடைவேளை முடிந்து, துவைத்த முதல் வண்டி உள்ளே போய் வெளியே வந்தது. எல்லோரும் மடிப்பு அம்மாவைப் பார்த்தார்கள். அவர் ஒரு விரிப்பை எடுத்துக் கன்னத்தில் ஒற்றினார். எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னம்மா?" என்றார் மேனேஜர்.

"தூக்கம் வருது சார்."

வேகம் கூடிய காற்றும் முழுச் சூடும் சேர்ந்து, மழைக்கு முன்பு இருந்ததைவிடச் சீக்கிரமாகவே விரிப்புகள் காய்ந்தன. தலைமை நர்ஸின் அழைப்பை மேனேஜர் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டார். ஆனாலும் அவர் மறக்கிற ஆள் இல்லை. மாதக் கடைசியில் இருவரையும் கூப்பிட்டார்.

"இனிமே தனித்தனி ஒப்பந்தம் கிடையாது. பர்னரும் ஃபேனும் ஒண்ணு. ஒரே பேர்ல வாங்க. அப்பத்தான் ஒருத்தர் இன்னொருத்தரைக் கைகாட்ட முடியாது."

"யார் பேர்ல சார்?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அது உங்க வீட்டு விஷயம்."

வீடு வரும்வரை ஸ்கூட்டரில் சண்டை. பேசாமலிருந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்து வட்டியோடு பேசினார்கள். வயதில் மூத்தவன் நான் என்றார் இவர். வேலை வாங்கிக்கொடுத்தது யார் என்றான் அவன், ஒருவழியாக. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "இறங்கி நின்னு போடுங்களேன், நாங்களும் பாக்கலாம்" என்றார். வீட்டு வாசலில் இஞ்சு அண்ணனின் மனைவி நின்றிருந்தாள். இரண்டு பேரின் வாதத்தையும் படியில் நின்றபடியே கேட்டுவிட்டு, "என் பேர்ல எழுதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒருவர் பேரில் இன்னொருவர் இருப்பதைவிட அது இருவருக்கும் தேவலாம் என்று பட்டது. அப்படித்தான் எழுதினார்கள். இப்போதும் அளப்பதற்கு முன் இஞ்சு அண்ணன் குழாயின் இரண்டு முனையையும் மாட்டுகிறார். மாட்டினாரா என்று மச்சினன் பார்க்கிறான்.

வெகுநாள் கழித்துத்தான் ஒரு விஷயம் வெளியே வந்தது, அதுவும் மச்சினன் ஏதோ பேச்சுவாக்கில் உளறியதால். புல்லியை அவன் தானாக மாற்றவில்லை. மழை தொடங்கிய அந்த வாரம், புருஷனின் புலம்பலைக் கேட்டபடி பாத்திரம் கழுவி முடித்தவள், ஈரக் கையோடு மாடிப்படி ஏறிப்போய்த் தம்பியை எழுப்பிச் சொன்னாளாம்: "உன் காத்தைக் கொஞ்சம் கூட்டி விடுடா. அத்தான் பாவம். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே."